இரண்டு குழாய் ரத்தம்

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், இல்லை என்று எழுதினால் மேலே படிக்க மாட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் இரண்டு பேச்சுக்குள் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். காகிதத்தோடு அப்படிச் சண்டை போட முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, தணிந்த பிறகு மறுபடி எடுத்துப் படியுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு நாய்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் டிஸ்டெம்பர், ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற நோய். முதலில் கண்ணில் பீளை, அப்புறம் இருமல், அப்புறம் சாப்பாடு இறங்காது. மூளைக்கு ஏறிவிட்டால் தாடை தானாக ஆட ஆரம்பிக்கும். அதற்கு மேல் என்னைப் போன்றவர்கள் செய்வதற்கு அதிகமில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்காரர் நாயை என் மேஜையில் விட்டுவிட்டு, வெறும் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு நம் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

நம் நாய்களில் பெரியவளுக்கும் சின்னவளுக்கும் பூஸ்டர் ஊசி போடவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நடுவளுக்குத்தான் முதலில் போட்டேன். இவர்கள் இரண்டு பேரும் வெளியே வண்டியில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முறை வரவேயில்லை. அதற்கப்புறம் நீங்களும் அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டீர்கள்.

என்னிடம் கொண்டுவர வேண்டாம். உங்கள் ஊர் கால்நடை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி


பிப்ரவரி 9

டாக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே இரண்டு தடவை மடித்து வைத்து எடுத்துப் படித்தேன். மூன்றாவது தடவையும் கோபம்தான் வந்தது.

ஊசி என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. படச் சட்டத்தில் அடிக்கிற ஆணியைக்கூட சின்னவள் எதிரில் எடுப்பதில்லை. நீ அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவளைப் படுக்க வைத்த அந்த மேஜை மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நடுவள் முகம் வீங்க ஆரம்பித்ததும் முதலில் பார்த்தவன் நான். "ஏய், இவ மூஞ்சியப் பாரு"ன்னு சொன்னேன். நீ "ஒண்ணும் ஆகாது, இருங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தாய். டாக்டர் சொல்கிறாள், என் பெண்டாட்டி வேறு சொல்கிறாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று அன்று சாயங்காலம் கணக்கு வேறு சொன்னாய். அந்த ஒன்று என் வீட்டில்தானே இருந்தது. மூன்று பேரும் ஒரே ஈற்றில் பிறந்தவர்கள். ஒருத்தி உடம்புக்கு ஆகாதது மற்ற இரண்டு பேருக்கும் ஆகும் என்று நீ எழுதிக் கொடுப்பாயா? கொடுத்தாலும் நான் சட்டம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

அவர்களைத் தெருவில் விடாமல் பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே வருகிற நாய்களைப் பார்.

உன் குடை இங்கேதான் இருக்கிறது. பெரியவள் அதன் கைப்பிடியைத் தின்றுவிட்டாள். மழைக்குக் கேட்காதே.

இப்படிக்கு,
பிரேம் கடை


பிப்ரவரி 14

அன்புள்ள பிரேம் கடைக்கு,

கையெழுத்துப் போடுகிற இடத்தில் கடைப் பெயரைப் போடுகிற புருஷனை நான் ஒருத்திதான் கட்டியிருப்பேன். போகட்டும்.

ஊசி வேண்டாம் என்கிறீர்கள். தேவையில்லை என்றால் எனக்கும் வேண்டாம். ஆனால் தேவையா இல்லையா என்று தெரியாமல் விடுவது துணிச்சல் இல்லை. குட்டியில் போட்ட ஊசிகளின் பலன் சில நாய்களின் ரத்தத்தில் வருஷக்கணக்கில் இருக்கும். சில நாய்களுக்குச் சீக்கிரம் கரைந்துபோகும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், டிஸ்டெம்பருக்கும், ரத்தபேதி வரவைக்கிற பார்வோவுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் பூஸ்டர் வேண்டாம், நானே வேண்டாம் என்று சொல்வேன். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசி வேறு விஷயம். அதைச் சட்டப்படி போட்டே ஆக வேண்டும், ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது சண்டை வேண்டாம்.

இது எடுக்கிற ஊசி. உள்ளே எதுவும் போகாது. உங்கள் ஊர் கால்நடை கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து எடுப்பார், நல்ல மனுஷர். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்துவிட்டு எடுப்பார். குழாய்களை எனக்கு அனுப்பினால் போதும்.

இரண்டு விஷயம். முதல் நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்துங்கள். சாப்பிட்டுவிட்டால், அதிலும் கொழுப்பானது சாப்பிட்டுவிட்டால், ரத்தத்தின் மேல் தெளியும் நீர் பால் போலக் கலங்கிவிடும். அடுத்தது, சின்னவளை நீங்களேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு யார் கையிலும் அவள் நிற்க மாட்டாள்.

பதில் போடுங்கள். அந்தக் குடை என் முதல் சம்பளத்தில் வாங்கியது.

இப்படிக்கு,
டாக்டரம்மா


பிப்ரவரி 21

டாக்டரம்மாவுக்கு,

எடுத்தாயிற்று. இரண்டு குழாயையும் இன்று கூரியரில் அனுப்பிவிட்டேன். உன் பேச்சைக் கேட்டேன் என்று பெருமைப்பட வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒரு நாய் தாடையை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டை நிறுத்தச் சொன்னாய் அல்லவா, நானும் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காலையில் ரொட்டிக்குத் தடவ வெண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கடை ஷட்டரைத் தூக்கப் போனேன். திரும்பி வந்தால் டப்பா தரையில் பளபளவென்று கிடக்கிறது. பெரியவள் மூக்கு நுனியில் வெண்ணெய். கேட்டால் யாரோ தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்க்கிறாள். சின்னவள் எதுவும் சாப்பிடவில்லை. அவள்தான் நீ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கம்பவுண்டர் பையின் வாசனை தெருமுனையிலேயே அவளுக்கு எட்டிவிட்டது. கட்டிலுக்கு அடியில் போனவள்தான்.

பெரியவளை மேஜை ஓரத்தில் நிறுத்திப் பிடித்தேன். கம்பவுண்டர் ஒரு பிஸ்கட் கொடுத்தார், இடது கையைக் கொடுத்தாள், அவர் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒருவர் குடும்பப் படத்துக்குப் பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். ஒரு முனையை நான் பிடிக்காவிட்டால் கண்ணாடி தெருவில்தான் இருக்கும். "இன்னொருத்தி உள்ள இருக்கா, இதோ வந்துடறேன்"னு சொல்லிவிட்டுப் போனேன். வருவதற்குள் அவர் இரண்டாவது குழாயிலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "அது இதைவிட நல்ல பிள்ளை சார். தானா வந்து கையக் குடுத்துச்சு"ன்னார். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

நல்ல செய்தி எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

இப்படிக்கு,
பிரேம் கடை


மார்ச் 1

அன்புள்ள உங்களுக்கு,

காலையிலிருந்து போன் போடுகிறேன். நீங்கள் எடுக்கவில்லை. கடைப் போனும் அணைத்து வைத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

முடிவு வந்துவிட்டது. இரண்டு குழாயிலும் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. முதலில் நானும் சந்தோஷப்பட்டு, பக்கத்து அறை டாக்டருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் குழாய்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் மேலே நின்ற நீர் பால் போலக் கலங்கியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வெண்ணெய் தின்றவள் பெரியவள் மட்டும். சின்னவள் வெறும் வயிற்றோடு கட்டிலுக்கு அடியில் இருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் ரத்தம் தெளிவாக இருந்திருக்க வேண்டும்.

கோபப்படாமல் கேளுங்கள். இரண்டாவது குழாயும் பெரியவள் ரத்தம்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேரையும் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் சொல்ல உங்களையும் என்னையும் விட்டால் ஆள் கிடையாது. கம்பவுண்டருக்கு எப்படித் தெரியும்? சின்னவள் ரத்தத்தை நாம் இன்னும் பார்க்கவேயில்லை.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் முடியை மழித்திருப்பார். சின்னவளின் முன்னங்கால் இரண்டையும் தடவிப் பாருங்கள். பார்த்தவுடன் எனக்குச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் சரி. அதுவரை அவளை வாசலுக்குக்கூட விட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 3

டாக்டரம்மாவுக்கு,

நீ மாறவேயில்லை. நல்ல முடிவு வந்தாலும் உனக்குப் பொறுக்கவில்லை. ஊசி போட்டே தீர வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டு, அதற்கு ஒரு சோதனை, சோதனை உனக்குச் சாதகமாக வராவிட்டால் பால், வெண்ணெய் என்று ஒரு கதை. கம்பவுண்டர் முப்பது வருஷமாக மாடும் நாயும் பார்க்கிறவர். அவருக்கு ஒரு நாயை இன்னொரு நாயிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாதா? உன் ஆஸ்பத்திரியில்தான் குழாயை மாற்றி வைத்திருப்பார்கள்.

போனை அணைத்து வைத்ததற்குக் காரணம் நீ இல்லை. டீக்கடைக்காரர் வளர்த்த குட்டி முந்தாநாள் செத்துப்போயிற்று. கடைசி நாளில் அது வலியில் கத்திய கத்து என் கடை வரைக்கும் கேட்டது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அந்தக் குட்டி போன வாரம் வரை நம் கடை வாசலில்தான் படுத்திருக்கும். சின்னவள் ஷட்டர் இடுக்கு வழியாக அதன் மூக்கை நக்குவாள். நான்தான், சின்னப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று

நடுவில் எழுந்து போனேன். இந்த இடத்தில் பேனா ஓடவில்லை.

சின்னவளை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தேன். இரண்டு முன்னங்காலிலும் முடி அப்படியே இருக்கிறது. பின்னங்காலையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெரியவளைக் கூப்பிட்டேன். இடது கையில் மழித்த இடம் இருக்கிறது. வலது கையைக் கேட்டேன், கொடுத்தாள். அதிலும் இருக்கிறது. முதல் கை வலித்திருக்கும், அதை மடக்கி வைத்துக்கொண்டு இன்னொரு பிஸ்கட்டுக்காக மற்ற கையை நீட்டியிருக்கிறாள் திருடி.

தானாக வந்து கையைக் கொடுத்தது என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சின்னவள் பிறந்ததிலிருந்து யாரிடமாவது தானாகப் போயிருக்கிறாளா? என்னிடமே வருவதற்கு யோசிப்பாள். கண்ணாடி உடையக் கூடாது என்று போனேன்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. நான் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியட்டும்.

கம்பவுண்டரை உடனே வரச் சொல்லி மறுபடி எடுத்தாயிற்று. இந்த முறை நான்தான் பிடித்தேன். என் சட்டை கிழிந்தது, அவர் மூக்குக் கண்ணாடி வளைந்தது. குழாயை இந்தக் கடிதத்தோடு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு இருமல் இல்லை. கண்ணும் சுத்தமாக இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

குழாய் கைக்கு வந்ததும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்த முறை நீர் தெளிவாக இருந்தது. எதிர்ப்புச் சக்திதான் இல்லை. டிஸ்டெம்பருக்குச் சுத்தமாக இல்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அந்தக் குட்டியிடமிருந்து அவளுக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் ஊசியால் பயனில்லாமல் போகலாம். ஒட்டாமல் இருந்தால் இப்போது போடுகிற ஊசி அவளைக் காப்பாற்றும். தெருவில் நோய் இருக்கும்போது போடாமல் விட்டால் இன்றோ அடுத்த வாரமோ மாட்டிக்கொள்வாள்.

போட்டால் நடுவளுக்கு ஆனது இவளுக்கும் ஆகலாம். அன்று போட்டது பல நோய்க்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. இப்போது தேவையானதற்கு மட்டும் போடுகிற ஊசியைக் கொண்டுவருகிறேன். முகம் வீங்கினால் கொடுக்க வேண்டிய மருந்தை முதலிலேயே நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அன்றும் அந்த மருந்தைக் கொடுத்தேன், அவள் உடம்பு கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் ஊர் டாக்டரை வைத்தே போடுங்கள், எல்லாவற்றையும் அவருக்கு எழுதித் தருகிறேன். ஆனால் நான் போடத்தான் ஆசைப்படுகிறேன். நடுவள் என் கையில் போனாள். அவளை நினைத்து அழுகிற உரிமை உங்களுக்கு மட்டும்தான் என்பது போல இந்த ஒன்றரை வருஷமும் நடந்துகொண்டீர்கள். அவள் எனக்கும்தான் பிள்ளை.

நாளை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கதவு திறந்திருந்தால் உள்ளே வருவேன். பூட்டியிருந்தால் தட்ட மாட்டேன், மருந்துப் பையைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஏப்ரல் 12

என் டாக்டரம்மாவுக்கு,

நீ பார்த்ததையே உனக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் பக்கத்திலிருந்து நீ பார்க்கவில்லை.

அன்று கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியதைக் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி கையில் இருந்தது. திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நீ வாசலுக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, சொன்னபடி தட்டாமல் திரும்பினாய் பார், அப்போதுதான் என் கை அசைந்தது. நீ தட்டியிருந்தால் திறந்திருப்பேனோ என்னவோ.

சின்னவள் வழக்கம் போலக் கட்டிலுக்கு அடியில். நீ அந்தப் பக்கம் குப்புறப் படுத்துக் கூப்பிட்டாய், நான் இந்தப் பக்கம் குப்புறப் படுத்துக் கூப்பிட்டேன். நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டு நம் இரண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் உன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது கட்டிலுக்கு அடியில்தான். உன் கன்னத்தில் தூசி. நீ இளைத்துப் போயிருந்தாய்.

அதற்குள் பெரியவள் வந்து உன் பையின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே கையை நீட்டினாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ ஊசியை எடுத்தபோது என் வாயில் அந்தக் கேள்விதான் வந்தது. "ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டேன். நீ என்னைப் பார்த்து, "தெரியலங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க"ன்னு சொன்னாய். எனக்கு ஊசி மேல் கோபம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவள் போன அன்று மேஜைக்குப் பக்கத்தில் நீயும் என்னைப் போலவே பயந்துபோய்த்தான் நின்றாய் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது. அதை நீ "தெரியல"ன்னு ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாய்.

அப்புறம் விளக்கு வைக்கிற வரைக்கும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். நீ அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. வீங்குகிறதா, வீங்குகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீங்கவில்லை. நீ பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு, கடையை அடைத்துவிட்டு நன்றாக அழுதேன். நடுவளுக்காகவும் சேர்த்து.

இன்று கம்பவுண்டர் சின்னவளின் புது முடிவைக் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது, பெரியவளுக்கு இருக்கிற அளவு. இருமல் இல்லை, கண்ணில் பீளை இல்லை, தாடை என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவதற்கு மட்டும்தான் ஆடுகிறது. அவர் பாவம், இனிமேல் நாயின் கழுத்தில் துணி கட்டிவிட்டுத்தான் ரத்தம் எடுப்பேன் என்று சத்தியம் செய்கிறார்.

அடுத்த சோதனை மூன்று வருஷம் கழித்துப் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதுவரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. கடைக்கு யாராவது கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும். ஒரு ஆள் இரண்டு பேரைப் பிடிக்க முடியாது என்று பார்த்தாயிற்று. சின்னவளை நான் பிடித்துக்கொள்கிறேன். பெரியவளைப் பிடிக்க நீ வேண்டும்.

குடைக்குப் புதுக் கைப்பிடி போட்டுவிட்டேன். சட்டத்துக்கு வைத்திருந்த நல்ல மரம். பெரியவள் கண் அதன் மேல்தான் இருக்கிறது, சீக்கிரம் வந்தால் முழுசாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் புருஷன்